கடகட என்றால் வாங்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. என் தம்பிக்கு முன்வரிசையில் இரண்டு பல் இல்லை. இடது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு இருக்கிறது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் அவன் சிரிக்கும்போது எதிரே நின்று பார்த்துக்கொள்ளலாம். இப்போதெல்லாம் அவன் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, அது வேறு விஷயம்.

நான் பழைய வீடியோ கேம்கள் சேர்க்கிறவள். பகலில் பல் செட் செய்யும் லேபில் வேலை. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது போன் செய்வார்கள். பிளாஸ்டிக் மஞ்சளடித்திருக்கிறதா? பயப்படாமல் வாங்கு, வெளுக்க வழி இருக்கிறது. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா? விட்டுவிடு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார். உள்ளே கடகட என்றால் என்னவோ கழன்று கிடக்கிறது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

இந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். ஒரே ஒரு தடவை மீறினேன்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பத்து வயது. அப்போதிருந்து அவனுக்கு எல்லாமே நான்தான், எனக்கும் அவன்தான். வீட்டில் இந்த கேம்களுக்கு ஓர் அறை, ஓர் அலமாரி. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அவனை அப்படியே விட்டால் ஊரில் இருக்கும் ஓட்டை உடைசல் எல்லாம் என் வீட்டில்தான் குடியேறும். அதனால் அவன் தேடிப் பிடிப்பான், நான் தேர்ந்தெடுப்பேன். இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி. யாரோ வெள்ளைப் பெட்டி ஒன்றை விற்கிறார் என்று தம்பி என்னை இழுத்துக்கொண்டு போனான். வெள்ளைப் பெட்டி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். டிவியில் செருகி ஆடும் அந்த கேம் கன்சோல் கறுப்பில் எங்கும் கிடைக்கும். வெள்ளையில் ஆறு வருஷமாகத் தேடுகிறேன்.

கீழே சலவைக் கடை. மேலே அவர் வீடு. கண்ணாடிக் கடை வைத்திருந்து மூடியவராம். அறுபத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல். வலது கண் வீங்கி மூடியிருந்தது. ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது.

"என்ன சார் ஆச்சு?" என்றான் தம்பி.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சுப்பா."

கூடத்தில் ஒரு பழைய டிவி. அதன் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. வேறு சாமான் எதுவும் இல்லை. நாற்காலிக் கைகளில் நகத்தால் பிராண்டின மாதிரி கோடு கோடாக இருந்தது. டிவிக்குக் கீழே அந்த வெள்ளைப் பெட்டி. எனக்கு மற்ற எதுவும் கண்ணில் படவில்லை.

தம்பி அதன்மேல் கையை வைத்தான். "அக்கா, சூடா இருக்கு."

"வெயில்ப்பா," என்றார்.

அந்தக் கூடத்தில் ஜன்னல் சாத்தியிருந்தது. திரையும் போட்டிருந்தது.

நான் பெட்டியைத் தூக்கிக் காதருகே ஆட்டினேன். கடகட. சின்ன சத்தம்தான். உள்ளே ஏதோ ஒன்று உருண்டது.

"நீயே சொல்லு. விட்டுடலாமா?" என்றான் தம்பி. நக்கல்.

"வாயை மூடு. திறந்து பார்த்துக்கலாம்."

கேசட் ஒன்று அதிலேயே இறுகியிருந்தது. சண்டை கேம். "அது வராதும்மா. அப்படியே எடுத்துக்கங்க," என்றார். இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்தன. முதலாவது சுத்தமாக இருந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தேன். ஒயரின் மேலுறை அங்கங்கே நசுங்கி வெடித்து உள்ளே கம்பி தெரிந்தது. அதை முறுக்கி எதன்மேலோ திரும்பத் திரும்ப அடித்த மாதிரி இருந்தது.

"இது எனக்கு வேண்டாம் சார். எங்ககிட்ட வேற இருக்கு."

அவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் வேண்டாம் என்ற அடுத்த நொடியே அந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார். பேரமே பேசவில்லை. வாசல்வரை வந்தார்.

"வீட்ல சின்னப் பிள்ளைங்க யாராவது..?"

"இல்ல சார்."

"நல்லது."

படி இறங்கும்போது தம்பி சொன்னான்: "மனுஷன் நம்மளை வீட்டை விட்டுத் தள்ளாத குறைக்கா." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கையில் வெள்ளைப் பெட்டி இருந்தது. ஆறு வருஷம். நான் எதையும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து துடைத்தோம். திறந்து பார்க்கலாம் என்றேன். "ஒரு ஆட்டம் ஆடிட்டுத் திறக்கலாம், ப்ளீஸ்க்கா," என்றான். முப்பது வயது மாடு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சினால் நான் என்ன செய்வேன்? டிவியில் இணைத்தோம். முதல் துளையில் அந்தப் பெட்டியோடு வந்த ஜாய்ஸ்டிக், என் கையில். இரண்டாவது துளையில் எங்களுடைய பழைய ஜாய்ஸ்டிக், அவன் கையில்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏழு மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. தடித்தடியாகப் பயில்வான்கள். ஓரத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண். நான் எதையும் அழுத்தவில்லை. அந்தப் பெண்ணைச் சுற்றிக் கட்டம் விழுந்தது.

"பொடிசை எடுத்துட்டியா? செத்த நீ," என்று சிரித்தான் தம்பி. அவன் ஒரு பெரிய பயில்வானை எடுத்தான்.

சண்டை ஆரம்பித்தது.

என் கட்டைவிரல் தானாக அழுந்தியது. நான் அழுத்தவில்லை... என் விரலுக்கு மேலே இன்னொரு விரல் இருந்தது. சின்ன விரல். சூடான விரல். அது என் விரலை அழுத்தியது.

திரையில் அந்தப் பெண் பயில்வானின் முகத்தில் குத்தினாள்.

"ஆ!" என்றான் தம்பி.

மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

"டேய், என்னடா ஆச்சு?"

"தெரியலக்கா... யாரோ..."

டக். அடுத்த குத்து. அவன் தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது. டக் டக். வயிற்றில் விழுந்தது. அவன் இரண்டாக மடங்கினான். அவனுக்கு எதிரே யாரும் இல்லை. அவன் சட்டை மட்டும் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது.

ஜாய்ஸ்டிக்கை வீசி எறிந்தேன். தரையில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் பட்டன்கள் தானாக அழுந்தின.

டக். டக். டக்.

"அதைக் கீழே போடுடா! கையை விடு!"

"விட முடியலக்கா!"

பாய்ந்து அவன் விரல்களைப் பிரித்தேன். முடியவில்லை. பல் லேபில் இருபது வருஷம் இடுக்கி பிடித்த கை இது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மடங்கிய விரல்கள் மரக்கட்டையாக இருந்தன.

பிளக்கைப் பிடுங்கினேன். டிவி அணைந்தது.

டக். டக்.

அவன் வாயில் அடி விழுந்தது. இரண்டு பல் தெறித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவன் அலமாரியில் மோதினான். நாங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டிகள் எல்லாம் அவன் தலைமேல் சரிந்தன.

அவனுடைய டூல் பாக்ஸிலிருந்து கட்டரை எடுத்து ஒயரை வெட்டினேன். இரண்டு ஒயரையும் வெட்டினேன்.

டக்.

அவன் மணிக்கட்டு திரும்பியது. இன்னும் திரும்பியது. குச்சி முறிகிற சத்தம்...

அவன் அலறினான்.

நான் தரையில் கிடந்த ஜாய்ஸ்டிக்கை மிதித்தேன். சுத்தியலால் அடித்தேன். அது தூள் தூளானது. அப்போதும் சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் குரல் கேட்டது.

சின்னக் குரல். பெண் குழந்தை. ஒவ்வோர் அடிக்கும் நடுவில்...

"இனிமே விளையாடுவியா?"

டக்.

"விளையாடுவியா?"

டக்.

கோபம் இல்லாத குரல். யாரோ சொன்னதை மனப்பாடமாகத் திருப்பிச் சொல்கிற குரல்.

"விளையாடுவியா?"

"மாட்டேன்னு சொல்லுடா!" என்று கத்தினேன். "மாட்டேன்னு சொல்லு!"

அவன் வாயெல்லாம் ரத்தம்.

"வி... விளையாட மாட்டேன்..."

நின்றது.

எல்லாம் நின்றது. அவன் விரல்கள் திறந்தன. ஜாய்ஸ்டிக் கீழே விழுந்தது.

வெள்ளைப் பெட்டி மட்டும் சூடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அலமாரி சாய்ந்து விழுந்துவிட்டது என்றேன். சின்ன வயசு டாக்டரம்மா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அலமாரி திரும்பத் திரும்ப விழுமா?" என்று கேட்டாள். நான்தான் அடித்திருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "தலைக்குள்ள ரத்தம் லேசா கசிஞ்சிருக்கு. இன்னொரு அடி பட்டா எங்க கையில எதுவும் இல்ல."

விடிந்ததும் தம்பி கண்ணைத் திறந்தான். என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அக்கா... சாயங்காலம் வருவாளாம்."

"யாருடா?"

"மறுபடி ஆடணுமாம்."

இந்தப் பயலைத் தூக்கி வளர்த்தது இதற்காகவா என்று அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. நர்ஸிடம் என் நம்பரைக் கொடுத்து, அவன் விரல் மடங்கினால் உடனே கூப்பிடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

மருந்து, ஸ்கேன் என்று அலைந்து முடித்து, மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்குப் போய் அறையைக் கூட்டினேன். அவனுடைய பற்களைத் தேடினேன். கண்ணால் பார்த்த பற்கள், ஆனால் எங்கும் இல்லை. அலமாரிக்கு அடியில்கூட இல்லை. அப்புறம் வெள்ளைப் பெட்டியின் திருகுகளைக் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன். பலகையின் ஓரத்தில் அது கிடந்தது.

ஒரு பல்.

இருபது வருஷமாக நான் பார்ப்பது பல்தான். அது பால் பல் இல்லை. மேல் வரிசை முன்பல். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையுடையது. வேர் பாதியில் முறிந்திருந்தது. தானாக விழுகிற பல் அப்படி முறியாது. பலமாக அடித்தால்தான் முறியும்.

பல்லை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியை மூடி, வெட்டிய ஒயரோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும்போது என் பழைய பெட்டி ஒன்றின் ஜாய்ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

சலவைக் கடைக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மேல் வீட்டுக்காரருக்குப் பெண் குழந்தை இருந்ததா என்று நேரடியாகக் கேட்டேன். அவர் கை நின்றுவிட்டது.

"இருந்துச்சு. தாயில்லாப் பிள்ளை. இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. படியில உருண்டு செத்துப்போச்சுன்னு சொன்னாரு. நாங்களும் நம்பிக்கிட்டோம்."

"நம்பிக்கிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கடையை மூடிட்டு ஆறு நாப்பதுக்கு வருவாரு. அந்த கேம் ஆடிக்கிட்டிருந்தா பிடிக்காது. அன்னைக்கு அந்த ஒயராலதான்... 'விளையாட மாட்டேன்ப்பா, மாட்டேன்ப்பா'ன்னு கத்தினா. அரை மணி நேரம் கத்தினா. அவரு நிறுத்தல."

என் தம்பி ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் தினம் அந்த நேரத்துக்கு மேல சத்தம் கேக்கும்," என்றார் அந்த அம்மா. "அடி விழற சத்தம். அவரு அழற சத்தம். ஒத்தை ஆளா இருக்கிற மனுஷனை யாரு அடிக்கிறா? போய்ப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்ல. நேத்துதான் ஒண்ணும் கேக்கல."

மணி ஆறு இருபத்தைந்து. மேலே ஏறினேன்.

கதவு சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தது. அவர் கண் வீக்கம் பாதி வற்றியிருந்தது. முகத்தைச் சவரம் செய்திருந்தார். உள்ளே ஜன்னல் திறந்திருந்தது. இருபத்தி இரண்டு வருஷத்தில் ஒரு நாள் நன்றாகத் தூங்கின மனுஷனின் முகம் அது.

"இந்தாங்க. உங்க பொருள்."

"வித்தது வித்ததுதாம்மா. இனி அது உங்களோடது."

"என் தம்பி சாகப் போறான்."

"எனக்கும் வயசாச்சும்மா. எத்தனை நாள்தான் வாங்கறது?"

இதை மெல்லிய குரலில் சொன்னார். கெஞ்சுகிற குரலில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் எல்லாம் தெரிந்தே விற்றிருக்கிறார். அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக் பெட்டியில் செருகியிருக்கிறவரை அடி அவருக்கு. அதை நான் விட்டுவிட்டு வந்து, அந்தத் துளையில் எங்களுடையதைச் செருக வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். சேர்க்கிறவர்கள் உடைசலை விட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பையிலிருந்து தாளை எடுத்தேன். பிரித்து, கதவு இடுக்கில் உள்ளங்கையை நீட்டினேன்.

அவர் பல்லைப் பார்த்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நான் கதவை உதைத்தேன். இரண்டாவது உதையில் சங்கிலி கழன்றது. என் வாழ்க்கையில் நான் எந்தக் கதவையும் உதைத்ததில்லை. பல்லைப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தேன். முதல் ஜாய்ஸ்டிக் தூளாகிவிட்டது. கொண்டுவந்த என் ஜாய்ஸ்டிக்கை முதல் துளையில் செருகினேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று அப்போது புரிந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த நசுங்கிய ஒயர் தொங்கியது. அதை எடுத்து இரண்டாவது துளையில் செருகினேன்.

போன் அடித்தது. நர்ஸ்.

"உங்க தம்பி விரலெல்லாம் மடங்குது... கட்டுப்போட்ட கையும்... என்னங்க இது?"

ஆறு முப்பத்தெட்டு.

"சார்," என்றேன். "நாற்காலியில உக்காருங்க."

"அம்மா, உன் காலைப் பிடிச்சிக்கிறேன்..."

அவர் எழுந்து ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் கை தானாக நீண்டது. தூளியில் கிடந்த கையும் வெளியே வந்தது. இரண்டு கையும் அந்த ஜாய்ஸ்டிக்கைப் பற்றிக்கொண்டன. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

தரையில் கிடந்த முதல் ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் அழுந்தியது.

டக்.

நான் வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

டக். டக்.

"இனிமே விளையாடுவியா?"

"மாட்டேன்ம்மா... சாமி... மாட்டேன்..."

டக்.

அவருக்கு மட்டும் நிற்கவில்லை.

போனில் நர்ஸ் இன்னும் இருந்தாள். "விரல் திறந்துடுச்சுங்க," என்றாள். "தூங்கறாரு."

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

நாலு மாதம் கழித்துச் சலவைக் கடைக்காரம்மா போன் செய்தார். கண்ணாடிக்காரர் போய்விட்டாராம். உடம்பில் முறியாத எலும்பு இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்த ஜாய்ஸ்டிக்கை அவர் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஒயரை வெட்டி, அதோடேயே சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் தம்பி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். வெள்ளைப் பெட்டி. உள்ளே இறுகிய ஒரு சண்டை கேசட். ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், என்னுடையது. கீழே எழுதியிருந்தது: 'இரண்டாவது ஜாய்ஸ்டிக் இல்லை. உங்களிடம் இருப்பதைச் செருகிக்கொள்ளலாம்.'

உடனே கூப்பிட்டேன். கண்ணாடிக்காரரின் தூரத்து உறவுக்காரப் பையன் எடுத்தான்.

"அதை யாருக்கும் கொடுத்துடாதீங்க," என்றேன்.

"நேத்தே போயிடுச்சேக்கா. ஒரு அக்காவும் தம்பியும் வந்து எடுத்துட்டுப் போனாங்க. பேரு, நம்பர் எதுவும் வாங்கிக்கல. அந்த அக்கா காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தாங்க. முதல்ல யோசிச்சாங்க, அப்புறம் பரவாயில்லன்னு வாங்கிக்கிட்டாங்க."

"ஏன் யோசிச்சாங்க?"

"உள்ள என்னமோ கடகடங்குதுக்கா. ஒண்ணு இல்ல, நிறைய இருக்கும்போல."

அந்தக் குழந்தையின் பல் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால்கூடத் திறந்து பார்த்தேன்.

என் தம்பியின் இரண்டு பற்கள்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.